அவள் சொல்லவில்லை என்று சொன்னேன்

"இருபது புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனா இருபதையும் திருப்பிக் கூட்டிட்டு வந்துடுவியாம்மா? உன்னையே உங்க அண்ணன்தானே வண்டியில கொண்டாந்து விடறாரு?"

எங்கள் பள்ளித் தாளாளர் இப்படிக் கேட்டதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கமிட்டிக்காரர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் கெட்டவர் இல்லை. ஓசூரில் ஜமாஅத் நடத்தும் பெண்கள் பள்ளிக்குத் தாளாளராக இருந்தால் ஒவ்வொரு வாப்பாவுக்கும் அம்மாவுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நான் அப்போது அந்தப் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பெண்களுக்கு ஒரு சாரணியர் படை தொடங்க அனுமதி கேட்டு நின்றுகொண்டிருந்தேன்.

"கூட்டிட்டு வந்துடுவேன் சார். எண்ணிக்கிட்டேதான் நடப்பேன்" என்றேன்.

அந்த வாரமே தவணையில் ஒரு ஸ்கூட்டி எடுத்தேன். எனக்கு ரோஷம் ஜாஸ்தி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். அத்தா, அதாவது என் அப்பா, கம்பெனிகளிலிருந்து வரும் பழைய இரும்பைத் தரம் பிரிக்கும் வேலை பார்க்கிறார். செம்பு எது, பித்தளை எது என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். பஸ்ஸின் போர்டைப் படிக்க மட்டும் பக்கத்தில் ஆள் வேண்டும். அம்மாவும் அப்படியே. அண்ணன்கள் எட்டாவதோடு நின்றுவிட்டார்கள். நான் டிகிரி முடித்து, பி.எட். முடித்து, ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். அந்த மேசையை யாராவது சந்தேகமாகப் பார்த்தால் எனக்குத் தாங்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்ததற்கு இதை ஒரு சமாதானமாகச் சொல்லவில்லை. இதைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

படை தொடங்கியது, நான் அதன் கேப்டன். இருபத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். ஆறாவதிலிருந்து பத்தாவது வரை. ரோஜா, மல்லிகை, சாமந்தி என்று மூன்று அணிகள். நீளக் கை வைத்த நீலச் சட்டை, தலையைச் சுற்றி வெள்ளை மக்கனா. கழுத்தில் கட்டும் ஸ்கார்ஃபை மக்கனாவுக்கு மேலே கட்டுவதா, உள்ளே கட்டுவதா என்று இரண்டு வாரம் விவாதம் நடந்தது. மேலே கட்டினால் வளையம் வழுக்குகிறது, உள்ளே கட்டினால் கட்டியதே தெரியவில்லை. கடைசியில் ஒரு பிள்ளை மக்கனாவின் ஓரத்தில் சின்னதாக ஒரு துணிக் காது தைத்து, அதற்குள் ஸ்கார்ஃபை நுழைத்துக்கொண்டு வந்தாள். அடுத்த சனிக்கிழமை எல்லாருடைய மக்கனாவிலும் காது இருந்தது. அந்தப் பிள்ளையின் அம்மாதான் எல்லாருக்கும் தைத்துக் கொடுத்திருந்தார். வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைப்பவர் அவர்.

அந்தப் பிள்ளை ரோஜா அணியின் தலைவி. பத்தாவது படிக்கிறாள். நான் எழுதுவது அவளைப் பற்றித்தான்.

சனிக்கிழமை மதியங்களில் பள்ளி மொட்டைமாடியில் கூடுவோம். முடிச்சுகள் போடுவோம். தண்ணீர்த் தொட்டியின் குழாயில் கயிறு கட்டி, ஆளை இழுத்து, முடிச்சு தாங்குகிறதா என்று பார்ப்போம். மூங்கில் கழியும் பழைய போர்வையும் வைத்து ஸ்ட்ரெச்சர் செய்வோம். யாரைத் தூக்குவது என்று கேட்டால் எல்லாருமே அடிபட்டவர்களாகி விடுவார்கள். கெலமங்கலம் சந்தைக்குப் போய், எந்தக் காய் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு எழுதி வரச் சொன்னேன். மல்லிகை அணிக்காரிகள் ஒரு தக்காளி வியாபாரியிடம் கன்னடத்தில் ஆரம்பித்து, தெலுங்கில் தொடர்ந்து, அவர் தமிழர் என்று கடைசியில் தெரிந்து வெட்கப்பட்டு வந்தார்கள். தீயணைப்பு நிலையத்துக்குப் போனோம். பெருநாளுக்கு முந்தைய வாரம் மருதாணி வைக்கும் போட்டி. வெங்காயத்தைக் குடைந்து, அதற்குள் முட்டையை உடைத்து ஊற்றி, கனலில் சுடும் சமையல்கூட நடந்தது. பாதி வெங்காயம் கருகியது.

இதையெல்லாம் நான் ஒரு பெரிய சார்ட்டில் எழுதி மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒட்டியிருப்பேன். மேலே சிவப்பில் 'வரவிருக்கும் நிகழ்ச்சிகள்'. கீழே தேதி, கிழமை, இடம், கொண்டுவர வேண்டியவை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு சார்ட். அடித்தல் திருத்தல் இருக்காது. பெற்றோர் வந்தால் அதன் முன்னால் நிற்பார்கள். படிக்கத் தெரியாதவர்கள்கூட "எவ்ளோ நீட்டா இருக்கு" என்பார்கள். அதைக் கேட்பதற்காகவே நான் படிக்கட்டில் மெதுவாக இறங்குவேன்.

இந்த வருஷம் ஜூலையில் தொடங்கும் சார்ட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக 'நாட்றாம்பாளையம், ஒரு நாள் நடைப்பயணம்' என்று எழுதியிருந்தேன். ஆகஸ்டில் கிருஷ்ணகிரியில் மாநில விருதுக்கான தேர்வு முகாம். எங்கள் படையிலிருந்து முதல்முறையாக மூன்று பேர் போகத் தயாராக இருந்தார்கள். ரோஜா அணித் தலைவி அவர்களில் ஒருத்தி. மூன்று பேரில் அவள்தான் நிச்சயம் தேறுவாள் என்று எல்லாருக்கும் தெரியும். தேர்வுக்குப் போகிறவர்கள் அதற்கு முன் ஒரு நடைப்பயணத்தை முடித்துப் பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டும். அதற்காகத்தான் அந்த ஞாயிறு.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊருக்கு, மாதம் பிறப்பதைச் சொல்லும் பிறை இரண்டு திசையிலிருந்து வரும். பெங்களூர் நாற்பது கிலோமீட்டர், சென்னை முந்நூறு. உருது பேசும் தெருக்களின் பள்ளிவாசல் பெங்களூரிலிருந்து வரும் பிறை அறிவிப்பைக் கேட்கும். எங்களைப் போல வீட்டில் தமிழ் பேசுகிறவர்களின் பள்ளிவாசல் சென்னை அறிவிப்பைக் கேட்கும். பல மாதங்களில் இரண்டும் ஒன்றுதான். சில மாதங்களில் ஒரு நாள் தள்ளும். அப்போது ஒரு தெருவில் பெருநாள் பிரியாணி மணக்கும், அடுத்த தெருவில் நோன்பு திறக்க இன்னும் நேரம் இருக்கும். இதற்காக யாரும் சண்டை போடுவதில்லை. ஒரே வகுப்பில் இரண்டு நாள் பாயசம் கிடைக்கும் என்று பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தான்.

அந்த முஹர்ரம் மாதப் பிறை ஒரு நாள் தள்ளியது. எங்கள் பக்கத்தில் ஆஷூரா நோன்பு, அதாவது முஹர்ரம் ஒன்பதும் பத்தும், வெள்ளியும் சனியும். உருதுத் தெருக்களுக்குச் சனியும் ஞாயிறும். நான் சார்ட் எழுதும்போது எங்கள் பள்ளிவாசல் காலண்டரை மட்டும் பார்த்து, நோன்பு முடிந்த மறுநாள் என்று ஞாயிறைப் போட்டிருந்தேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இன்னொரு காலண்டர் இருப்பது தெரியாதா? தெரியும்.

வியாழக்கிழமை சாயங்காலம் பள்ளி விட்டதும், நடைப்பயணத்துக்கு யார் யார் என்ன கொண்டுவர வேண்டும் என்று மாடியில் சொல்லிக்கொண்டிருந்தேன். ரோஜா அணித் தலைவி கையைத் தூக்கினாள்.

"மிஸ், ஞாயித்துக்கிழமை எங்களுக்குப் பத்தாம் நோன்பு. வேற ஞாயிறு வெச்சுக்கலாமா?"

வேன் சொல்லியாகிவிட்டது. நாட்றாம்பாளையத்தில் ஒரு விவசாயக் குடும்பத்திடம் நிழலில் உட்காரவும் தண்ணீர் எடுக்கவும் சொல்லி வைத்தாகிவிட்டது. சார்ட்டில் எழுதியாகிவிட்டது. நான் சிரித்துக்கொண்டே கேட்டேன்:

"ஏன்டி, உங்க தெருவுக்கு மட்டும் அல்லா தனியா ஒரு நிலா விட்டிருக்கானா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் தெருப் பிள்ளைகளும் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

"இல்ல மிஸ், நிஜமாத்தான். உங்ககிட்ட சொல்லிட்டேன்னு எங்க அம்மிகிட்ட சொல்லணும். அதான்." அம்மி என்றால் அவள் அம்மா.

"சொல்லிட்டே. கேட்டுட்டேன். லீடர் வரலேன்னா யாரும்மா அணியைக் கூட்டிட்டுப் போறது? நடை முடிக்காதவங்க பேரை நான் தேர்வு லிஸ்ட்டுல எழுத முடியாது. உன் இஷ்டம்."

அவள் உட்கார்ந்துவிட்டாள். இருபத்தொரு பேர் இதைக் கேட்டார்கள்.

அவள் தெருவிலிருந்து படையில் ஆறு பேர். ஞாயிறு காலை மூன்று பேர் வரவில்லை. இரண்டு பேர் சின்னப் பிள்ளைகள், நோன்பு வைக்கவில்லை. அவள் மட்டும் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். பத்தொன்பது பேரை எண்ணி வேனில் ஏற்றினேன்.

அது காற்றடிக்கும் மாதம். நாட்றாம்பாளையத்துப் பக்கம் காற்று ஆளைத் தள்ளும், வெயில் உறைக்காது. வேர்க்கிறதே தெரியாது. ராகி விதைக்க உழுது போட்ட நிலங்களின் வரப்போரமாக, வண்டித்தடத்தில் ஏறி, ஒரு பெரிய பாறை மேடு வரை போய்த் திரும்புவது திட்டம். காட்டுக்குள் போகவில்லை, காட்டின் ஓரம்தான். அவள் முன்னால் நடந்தாள். மண்ணில் அம்புக்குறி போட்டு, கற்களை அடுக்கி, பின்னால் வரும் அணிக்கு வழி காட்டிக்கொண்டே போனாள். குரல் கணீரென்று இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

மதியம் அந்த விவசாயி வீட்டுப் புளியமரத்தடியில் எலுமிச்சை சாதம். அவள் எல்லாருக்கும் பரிமாறினாள். அவள் தட்டு மட்டும் பையிலிருந்து வெளியே வரவில்லை. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் ஊறுகாய்க்கு அடித்துக்கொண்டார்கள் என்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளை அங்கேயே மரத்தடியில் உட்கார வைத்திருக்கலாம். "நீ இங்கயே இரு, நடந்ததா எழுதிக்கறேன்" என்று சொல்லியிருக்கலாம். மனசில் வந்தது. சொல்லவில்லை. சொன்னால் வியாழக்கிழமை நான் பேசியது தப்பு என்று ஆகிவிடும்.

பாறை மேட்டில் ஏறும்போது அவள் ஒருமுறை நின்றாள். நான் போய் என் பாட்டிலை நீட்டினேன்.

"குடி. கடமையான நோன்பா என்ன? சுன்னத்துதானே, விட்டாலும் குத்தமில்ல."

"இன்னும் நாலரை மணி நேரந்தான் மிஸ்" என்றாள்.

பத்தடி போயிருப்பாள். முட்டி மடங்கி முன்னால் விழுந்தாள். புருவத்துக்கு மேலே கல் குத்தி ரத்தம் வந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். கீழே வயலில் இருந்த அந்த வீட்டு அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி வந்தார். அவர் மடியில் சாய்த்து முகத்தில் தண்ணீர் தெளித்தோம். கண் திறந்தாள். அந்த அம்மா சொம்பை வாயில் வைத்தார். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"நோம்பா பாப்பா?"

ஆமாம் என்று தலையசைத்தாள்.

அந்த அம்மா என்னை அண்ணாந்து பார்த்தார். "நோம்புல இருக்கற புள்ளையவா மேட்டுல ஏத்திக்கினு வந்தே? நாங்ககூடச் சஷ்டி நாள்ல ஏர் பூட்ட மாட்டமே."

அவள் அப்புறம் குடித்தாள். குடித்துக்கொண்டே அழுதாள். அடிபட்டதற்கு அழுகிறாள் என்று சின்னப் பிள்ளைகள் நினைத்தார்கள். என்னிடம் கற்றுக்கொண்ட ஸ்ட்ரெச்சரில் அவளை வண்டித்தடம் வரை தூக்கி வந்தார்கள். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் இரண்டு தையல். பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். தாளாளருக்குப் போன் செய்தேன்.

பள்ளி கேட்டுக்கு வேன் வந்தபோது மணி ஐந்தரை. தாளாளர் நின்றிருந்தார். அவருக்குப் பக்கத்தில் அவள் அம்மா, புர்காவோடு. அவர் வீட்டில் பேசுவது உருது. தமிழ் அரைகுறையாக வரும். மகள் நெற்றியில் பிளாஸ்திரியைப் பார்த்ததும் இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்:

"மிஸ், நோன்புன்னு இவ உங்ககிட்ட சொல்லலையா? சொல்லிட்டேன், மிஸ் பாத்துக்குவாங்கன்னு சொன்னாளே. அதான் அனுப்பினேன்."

தாளாளரும் என்னைப் பார்த்தார்.

"இல்லைங்க. சொல்லலை" என்றேன்.

அத்தோடு நிறுத்தவும் இல்லை. "சொல்லியிருந்தா நான் கூட்டிட்டே போயிருக்க மாட்டேனே" என்றும் சொன்னேன். என் குரல் சாதாரணமாக இருந்தது. வகுப்பில் விடை சொல்வது போல.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவள் காதுக்குப் பின்னால் இருந்த கேட்டைப் பார்த்தேன். அவள் வாய் திறக்கவில்லை. வேனிலிருந்து இறங்கிய பதினெட்டுப் பேரும் வாய் திறக்கவில்லை. அவள் அம்மா அவள் தோளில் ஒன்று வைத்தார். "ஜூட்டி" என்றார். பொய்க்காரி என்று அர்த்தம்.

அவர்கள் போனதும் தாளாளர் சொன்னார்: "நான் அன்னைக்கு உன்னை அப்படிக் கேட்டது தப்பும்மா. நல்லாச் சமாளிச்சே." வீட்டுக்குப் போனால் அம்மா ஏற்கெனவே விஷயம் கேள்விப்பட்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எம் மக இருக்கங்காட்டி அந்தப் புள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுச்சு. படிச்சிருந்தா ஒரு தகிரியம் வருதுல்ல?" நான் சாப்பிடாமல் உட்கார்ந்து படையின் பதிவேட்டை எழுதினேன். 'அணித் தலைவி தான் நோன்பிருப்பதைத் தெரிவிக்கவில்லை' என்று எழுதினேன். அழகான கையெழுத்து.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. அவள் தெருப் பிள்ளை ஒருத்தி ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே அவளுடைய ஸ்கார்ஃப், விசில், அணித் தலைவி பட்டை. ஸ்கார்ஃப் இஸ்திரி போட்டு நாலாக மடித்திருந்தது. "அவங்க அம்மி இனிமே அனுப்பமாட்டாங்களாம் மிஸ். பொய் சொல்ற புள்ளைய முகாமுக்கெல்லாம் எப்படி அனுப்பறதுன்னு கேட்டாங்க." பள்ளிக்கு வந்தாள், வகுப்பில் உட்கார்ந்தாள், கணக்குப் போட்டாள். நான் கரும்பலகைப் பக்கமே அதிகம் திரும்பி நின்றேன். தேர்வு முகாமுக்கான பட்டியல் அனுப்ப வேண்டிய நாள் வந்தது. இரண்டு பெயரை டைப் செய்து கிருஷ்ணகிரி அலுவலகத்துக்கு அனுப்பினேன். பெற்றோர் அனுமதி இல்லாத பெயரை எப்படி அனுப்புவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சரியான காரணம்தான். அந்த அனுமதி ஏன் இல்லை என்பதை மட்டும் நினைக்கவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை மாடியில் அணிநடை. ஏழாவது படிக்கும் ஒரு குட்டிப் பெண் கால் தாங்கித் தாங்கி நடந்தாள். கிட்டப் போய்ப் பார்த்தால் புது ஷூ கடித்து வெள்ளை சாக்ஸின் குதிகால் சிவப்பாகியிருந்தது. அரை மணி நேரமாக அந்தக் காலோடு நடந்திருக்கிறாள்.

"ஏன்டி, வாயில கொழுக்கட்டையா? வலிக்குதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

அவள் என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள். துடுக்காகச் சொல்லவில்லை.

"சொன்னாலும், சொல்லலைன்னு சொல்லிடுவீங்களே மிஸ்."

பக்கத்தில் நின்றவள் அவளைக் கிள்ளினாள். யாரும் சிரிக்கவில்லை. இருபது பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சாரணியர் நம்பத் தகுந்தவர் என்பது நாங்கள் சொல்லும் முதல் விதி. ஒவ்வொரு வாரமும் நான் முன்னால் சொல்ல, அவர்கள் பின்னால் சொல்வார்கள். அந்த மூன்று வாரமும் சொன்னார்கள். எல்லாம் தெரிந்துகொண்டே சொன்னார்கள்.

அந்தக் குதிகாலைக் கழுவி மருந்து வைத்துக் கட்டினேன். கட்டு இரண்டு முறை அவிழ்ந்தது.

உடனே போனேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. போகவில்லை. நான்கு நாள் கழித்துத்தான் போனேன். அந்த நான்கு நாளும் ஸ்கூட்டியில் வரும்போதும் போகும்போதும் வாக்கியங்களை ஒத்திகை பார்த்தேன். 'அவ சொன்னாளாம், எனக்கு அந்தக் கூச்சல்ல காதுல விழல.' 'சொன்னா போலத்தான் இருக்கு, நான் மறந்துட்டேன்.' ஒவ்வொன்றும் உண்மையைவிட ஒரு சுற்றுச் சின்னதாக இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். இரண்டு அறை. முன்னறையில் தையல் மிஷின். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. அவள் அம்மா மிஷினில் உட்கார்ந்தபடியே வாயில் விரலை வைத்துக் காட்டினார்.

"மெதுவா பேசுங்க மிஸ். அவரு நைட் ஷிப்ட். தூங்கறாரு. டீ வைக்கட்டா?"

"வேணாங்க. ஒண்ணு சொல்லணும்."

"முகாம் விஷயம்னா நக்கோ மிஸ். வேண்டாம். நான் அனுப்பறதா இல்ல."

"அன்னைக்கு அவ என்கிட்ட சொன்னா. வியாழக்கிழமையே, எல்லாப் புள்ளைங்க முன்னாடியும் சொன்னா. நான்தான் கிண்டல் பண்ணி உக்கார வெச்சேன். கேட்டுல வெச்சு உங்ககிட்ட நான் பொய் சொன்னேன்."

அவர் மிஷின் சக்கரத்தின் மேல் கையை வைத்தார்.

"திரும்பச் சொல்லுங்க."

திரும்பச் சொன்னேன். கிசுகிசுத்த குரலில் அதை இரண்டாவது தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. அவரும் கிசுகிசுத்துத்தான் திட்டினார். உள்ளே தூங்குகிறவரின் குறட்டை கேட்டுக்கொண்டிருந்தது.

"இருபத்தஞ்சு நாளு. டெய்லி ஜூட்டின்னு கூப்பிட்டேன். சோறு போடும்போதுகூட. அவ மூணு வாட்டி சொன்னா, அம்மி, மிஸ்ஸுக்குத் தெரியும்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? அவங்க படிச்சவங்க, அவங்க எதுக்குடி பொய் சொல்லணும்னேன்." அதற்குள் அவர் 'நீங்க'விலிருந்து இறங்கிவிட்டிருந்தார். "நான் பெத்ததை நம்பல. உன்னை நம்பினேன். நீ படிச்ச பொண்ணுன்னு."

இத்தனை வருஷம் நான் எதற்காகப் படித்தேன் என்று யாராவது கேட்டால் ஒரு பதில் வைத்திருந்தேன். என் பேச்சுக்கு ஒரு மதிப்பு வேண்டும் என்பதுதான் அது. அந்த மதிப்பு கிடைத்துவிட்டிருந்தது. ஒரு பிள்ளையின் வாயை அடைக்க அதைச் செலவு செய்திருந்தேன்.

அவள் சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. புருவத்துக்கு மேலே தையல் பிரித்த இடம் இளஞ்சிவப்பாக இருந்தது.

"லிஸ்ட் போயிடுச்சா மிஸ்?"

"போயிடுச்சும்மா."

"என் பேரு இல்லாமயா?"

"ம்."

"அப்ப இனிமே முடியாதா?"

"தெரியல. எழுதிக் கேக்கறேன்."

"என்னன்னு எழுதுவீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "மறந்துட்டேன்னு எழுதாதீங்க மிஸ்."

அவள் அம்மா அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அவள் சடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதன் நுனியைப் பிரித்துப் பின்னினார். பிறகு என்னைப் பார்த்து, "யார் யாரு முன்னாடி சொன்னியோ, அவங்க எல்லார்கிட்டயும் சொல்லணும். அந்தப் பெரியவர்கிட்டயும்" என்றார்.

"பேரு சேந்துச்சுன்னா அனுப்புவீங்களா?"

"முதல்ல நீ சொல்லு. அப்புறம் நான் யோசிக்கறேன்."

மறுநாள் தாளாளரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரிம்மா. தப்புதான். அந்த அம்மாகிட்ட சொல்லிட்டே இல்ல, அதோட விடு. கிருஷ்ணகிரிக்கெல்லாம் எழுதுனா பள்ளிக்கூடத்துப் பேரு கெடும். நாளைக்கு எவன் பொண்ணை அனுப்புவான்? அடுத்த வருஷம் அவ எழுதட்டுமே."

"அடுத்த வருஷம் அவ பதினொண்ணாவதுக்கு வேற ஸ்கூல் போயிடுவா சார். நம்மகிட்ட பத்து வரைக்குந்தானே."

"நீ இதைக் கேப்டனா இருந்துட்டு எழுத முடியாதும்மா. எழுதுனா அந்த இடத்துல உன்னை எப்படி வெச்சுக்கறது?"

பயமுறுத்துவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. இருக்கிற நிலவரத்தைச் சொன்னார். அந்தப் படை இல்லாமல் என் சனிக்கிழமைகளை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மாடி இல்லாமல் அவளுடைய சனிக்கிழமைகள் எப்படி இருந்திருக்கும் என்று அதற்கு முன் நான் நினைத்ததே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

பதிவேட்டில் அந்த வாக்கியத்தின் மேல் ஒரு கோடு போட்டேன். படிக்கிற மாதிரி ஒற்றைக் கோடுதான். கீழே 'தெரிவித்தார். நான் ஏற்கவில்லை. பிறகு, தெரிவிக்கவில்லை என்று பொய் சொன்னேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சனிக்கிழமை மாடியில் பிள்ளைகளை உட்கார வைத்து அதை வாசித்தேன். குதிகால் புண்காரி மட்டும், "நாங்களும் அன்னைக்குச் சும்மாதானே மிஸ் இருந்தோம்" என்றாள். அது உங்கள் தப்பு இல்லை என்றேன். அவள் நம்பின மாதிரி தெரியவில்லை.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுக் கிருஷ்ணகிரி பஸ் ஏறினேன். கடிதத்தில் மூன்று விஷயம் இருந்தது. நடந்தது, நடந்தபடி. பாறை மேடு வரை அவள் நடந்ததையே நடைப்பயணமாக ஏற்று, அவள் பெயரைத் தேர்வுப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற வேண்டுகோள். எங்கள் மூன்று பிள்ளைகளையும் வேறொரு பள்ளிக் கேப்டனின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம், நான் முகாமுக்கு வரப் போவதில்லை என்பது. அலுவலகத்தில் இருந்தவர் நின்றுகொண்டே படித்தார். பாதியில் ஒருமுறை என்னை ஏறிட்டுப் பார்த்தார், மறுபடி படித்தார். "நாள் தாண்டிடுச்சு. மேல கேட்டுத்தான் சொல்ல முடியும்" என்றார். என் பிரதியில் முத்திரை போட்டுக் கொடுத்தார்.

முகாமுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. பதில் வரவில்லை. கேப்டன் பொறுப்பு என்னிடம் இருக்குமா என்பதைக் கமிட்டி அடுத்த வாரம் பேசும்.

முத்திரை போட்ட பிரதியை அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அம்மா அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் படிக்க வராது. மகளிடம் நீட்டினார்.

"படி. மெதுவா."

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, உள்ளே தூங்குகிறவரை எழுப்பாத குரலில், முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.